பெயிண்ட் அடிக்காமல் சொட்டை எடுப்பது: தகட்டுக்குள் நடப்பது என்ன?

நிறுத்தி வைத்த காரின் கதவில் இன்னொரு காரின் கதவு இடித்தோ, ஆலங்கட்டி மழையில் கூரைமீது கட்டிகள் விழுந்தோ சிறு சொட்டைகள் உண்டாகும்போது, அவற்றைச் சரிசெய்வது பற்றி நேர்மாறான இரண்டு கருத்துகள் சொல்லப்படுகின்றன. தகட்டைத் தட்டி, பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்தால்தான் எந்தச் சொட்டையும் போகும் என்பது ஒன்று. சூடாக்கிப் பனிக்கட்டி வைத்தாலோ, உறிஞ்சு கிண்ணத்தை ஒட்டி இழுத்தாலோ எந்தச் சொட்டையும் தானே வெளியே வந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டு கருத்துகளுமே சொட்டைகள் எல்லாவற்றையும் ஒரே வகையாக எடுத்துக்கொள்கின்றன; பிழை அங்கேதான் தொடங்குகிறது.

பெயிண்டைத் தொடாமல் தகட்டை மட்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை ஒன்று உண்டு. பெயிண்ட்லெஸ் டென்ட் ரிப்பேர் என்றும், சுருக்கமாக பிடிஆர் என்றும் அதைச் சொல்கிறார்கள். அதை மாயவித்தை போலப் புகழ்பவர்களும், ஏமாற்று வேலை என்று ஒதுக்குபவர்களும், உலோகம் உள்ளே போனபோது அதற்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், ஒரு சொட்டை இந்த முறையில் சரியாகுமா ஆகாதா என்பதை ஓரளவு நாமே கணித்துவிடலாம். சொட்டையின் அகலமோ ஆழமோ முதல் அளவுகோல் ஆகாது. தகடு எவ்வளவு கூர்மையாக மடங்கியிருக்கிறது என்பதும், அதன்மேல் உள்ள பெயிண்ட் உடையாமல் இருக்கிறதா என்பதும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

தகடும் அதன்மேல் உள்ள தோலும்

பெரும்பாலான கார்களின் வெளித்தகடு சுமார் 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு. அது துருப்பிடிக்காமல் இருக்க, பல கார்களில் துத்தநாகம் பூசப்பட்டிருக்கும். அதற்குமேல் மின்சாரத்தின் உதவியால் படியவைக்கப்பட்ட துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பளபளப்பைத் தரும் நிறமற்ற பூச்சு என்று அடுக்குகள் வரும். நிறமற்ற அந்த மேற்பூச்சை கிளியர் கோட் என்பார்கள். இத்தனை அடுக்குகளும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் கார் உடலில் பிளாஸ்டிக் பாகங்களும் மின்கம்பிகளும் பொருத்தப்படும் முன்பே பெயிண்ட் அடிக்கப்பட்டு, பெரிய அடுப்புக்குள் வைத்துச் சுடப்படுகிறது. கிளியர் கோட்டுக்கு இந்த வெப்பம் பொதுவாக 140 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்; துருத்தடுப்புப் பூச்சுக்கு அதைவிடவும் அதிகம். முழுமையாகப் பொருத்தி முடித்த காரை அந்த வெப்பத்தில் வைக்க முடியாது. ஆகவே பின்னாளில் அடிக்கப்படும் பெயிண்ட் வேறு வகை வேதிப்பொருள்களால் ஆனது. அது 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உலர்த்தப்படுகிறது. திறமையானவர் அடித்த மறுபெயிண்ட் நன்றாகவே இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்காகத் தகட்டைத் தேய்க்கும்போது துத்தநாகமும் துருத்தடுப்புப் பூச்சும் சேர்ந்து போகக்கூடும். மெட்டாலிக் நிறங்களில் பக்கத்துத் தகட்டோடு சாயல் பொருந்துவதும் எளிதல்ல. முதல் பெயிண்டைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுவதற்கு இதுவே காரணம்.

இந்தப் பெயிண்ட் தகட்டோடு இறுக ஒட்டிய மெல்லிய தோல். தகடு உள்ளே போனபோது அது உடையாமல் கூடவே போயிருந்தால், தகடு மெதுவாக வெளியே வரும்போதும் கூடவே வந்துவிடும். பிடிஆர் முழுவதும் இந்த ஒரு வாய்ப்பின்மீதுதான் நிற்கிறது.

சொட்டை எப்படி நிலைத்து நிற்கிறது?

காலியான தகர டப்பா ஒன்றின் பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே வளைந்து, விரலை எடுத்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் பலமாக அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றுவிடும். அந்தப் பள்ளத்தைச் சுற்றி விரலால் தடவினால், ஓரத்தில் மெல்லிய வரப்பு போல ஒரு மேடு எழும்பியிருப்பதும் தெரியும். காரின் கதவில் நடப்பதும் இதே இயக்கம்தான்.

முதலில் நடந்தது மீள் வடிவமாற்றம். விசை இருக்கும்வரை உலோகத்தின் அணுக்கள் தம் இடத்திலிருந்து சற்று விலகி நிற்கும். விசை நீங்கியதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். இதற்கு ஓர் எல்லை உண்டு. அதை மீட்சி எல்லை என்கிறோம். அந்த எல்லையைத் தாண்டினால் உலோகத்துக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கிப் புதிய இடத்தில் அமர்ந்துவிடும். விசையை எடுத்தாலும் அவை திரும்பி வருவதில்லை. இது நிலையான வடிவமாற்றம். இப்படி வளைந்த இடம் முன்பைவிட இறுகிக் கடினமாகியும் விடுகிறது. அதே இடத்தை மீண்டும் வளைக்க முன்பைவிட அதிக விசை வேண்டும்.

இனி வருவதுதான் பலரும் தவறவிடும் செய்தி. ஒரு சொட்டையின் முழுப் பரப்பும் நிலையாக மாறிவிடுவதில்லை. இடிபட்ட நடுப்புள்ளியிலும் ஓரத்து மேட்டிலும் மட்டுமே உலோகம் மீட்சி எல்லையைத் தாண்டியிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள பெரும்பகுதி வெறுமனே வளைந்து நிற்கிறது. தனித்து விட்டால் பழைய வடிவத்துக்குப் போகவே பார்க்கும். ஆனால் நடுப்புள்ளியும் மேடும் அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து யாரும் அழுத்தாதபோதும் தகட்டுக்குள் இப்படி அடைபட்டு நிற்கும் இழுவிசையையும் அழுத்தத்தையும் எஞ்சிய தகைவு என்று பொறியியலில் சொல்வார்கள். சொட்டை எடுப்பவரின் வேலை, அந்தப் பிடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது. பிடி தளர்ந்தால் பெரும்பகுதித் தகடு தானே உதவிக்கு வரும். பிடியைத் தளர்த்தாமல் நடுவை மட்டும் பலமாகத் தள்ளினால், பள்ளத்தின் நடுவே ஒரு கொப்புளம் எழும். சுற்றிலும் பள்ளம் அப்படியே இருக்கும்.

சுருக்கமாக: சொட்டை என்பது ஒரு பள்ளமும் அதைச் சுற்றிய ஒரு மேடும் சேர்ந்த அமைப்பு. அதில் சிறு பகுதியே உண்மையில் உருமாறியது. மீதி அந்தச் சிறு பகுதியால் சிறைப்பட்டிருக்கிறது.

அளவைவிடக் கூர்மை ஏன் பெரிது?

உள்ளங்கை அகலச் சொட்டை ஒரு தடயமும் இல்லாமல் போய்விடுவதும், அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு கீறல் போன்ற சொட்டை எடுக்க முடியாமல் போவதும் பலருக்கு வியப்பாக இருக்கும். கொஞ்சம் கணக்குப் போட்டால் வியப்பு நீங்கிவிடும்.

ஒரு தகட்டை வளைக்கும்போது, வளைவின் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது. நீளத்தில் ஏற்படும் இந்த மாற்றத்தை மொத்த நீளத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது திரிபு. வளைப்பதால் மட்டும் உண்டாகும் திரிபைக் கணிக்க, தகட்டின் தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். 0.7 மில்லிமீட்டர் தகடு 350 மில்லிமீட்டர் ஆரத்தில் மென்மையாக வளைந்தால் திரிபு 0.1 சதவீதம், மென்மையான எஃகின் மீட்சி எல்லை ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. ஆரம் 35 மில்லிமீட்டர் ஆனால் திரிபு 1 சதவீதம். ஒரு கூரிய முனை இடித்து 3.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மடித்துவிட்டால் 10 சதவீதம். இந்தக் கணக்கில் பள்ளத்தின் அகலம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அகன்று ஆழமாக இருக்கும் சொட்டையிலும் வளைவு மென்மையாக இருந்தால் உலோகம் அதிகம் பாதிக்கப்பட்டிருக்காது. நகம் அளவுச் சொட்டையும் கூர்மையாக மடங்கியிருந்தால் அங்கே உலோகம் நன்றாக இழுபட்டு, மெலிந்து, இறுகியிருக்கும்.

பெயிண்டுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஓரத்து மேட்டில் தகடு வெளிப்புறமாக வளைவதால், அங்கே பெயிண்ட் இழுபடுகிறது. சொட்டை விழுந்த அன்றே மேட்டின் உச்சியில் நுண்ணிய விரிசல் தோன்றியிருக்கலாம். பள்ளத்தின் அடியிலோ, வளைவு பெயிண்டை நெருக்குகிறது. சரிசெய்யத் தள்ளும்போது அந்த இடம் மறுபடி நீள வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் கூர்மையாகவும் வேகமாகவும் தள்ளினால் அப்போது புதிதாக விரிசல் விடும். குளிரில் பெயிண்ட் இன்னும் எளிதாக முறியும் என்பதால், தொழில் தெரிந்தவர்கள் வேலை தொடங்கும் முன் தகட்டை இதமாகச் சூடேற்றுவது வழக்கம். அந்தச் சூடு முதன்மையாகப் பெயிண்ட் முறியாமல் இருப்பதற்கே.

சுருக்கமாக: வளைவின் ஆரம் சிறிதாகச் சிறிதாக உலோகமும் பெயிண்டும் படும் பாடு பெருகுகிறது. "எத்தனை அங்குலம்?" என்று கேட்பதற்கு முன் "எவ்வளவு கூர்மை?" என்று கேட்க வேண்டும்.

வேலை செய்பவர் எதைப் பார்க்கிறார்?

இந்தத் தொழிலின் உயிர் கம்பிகளிலோ சுத்தியலிலோ இல்லை. வெளிச்சத்தைப் படிப்பதில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆகவே இதற்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் ஒதுக்குகிறேன்.

பளபளப்பான பெயிண்ட் ஒரு கண்ணாடியாக நடந்துகொள்கிறது. கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால், அதிலிருந்து எதிரொளிக்கும் கதிர் இரண்டு டிகிரி திரும்பும். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு டிகிரிச் சாய்வு என்பது வெறும் 0.17 மில்லிமீட்டர் உயர வேறுபாடு. விரலுக்கு அது எளிதில் பிடிபடாது. ஆனால் அந்தச் சாய்வு, ஒரு மீட்டர் தொலைவில் எதிரொளியை மூன்றரை சென்டிமீட்டர் நகர்த்திவிடும். இந்தப் பெருக்கம்தான் காரில் ஒரு சிறு சொட்டைகூடக் கண்ணை உறுத்துவதற்குக் காரணம். அதைச் சரிசெய்வதற்கான கருவியும் இதுவே.

வேலை செய்பவர் தகட்டுக்கு எதிரே கோடுகள் போட்ட பலகையையோ, வரிவரியாக ஒளிரும் எல்இடி விளக்கையோ வைக்கிறார். அவருடைய கண், பெயிண்டில் தெரியும் கோடுகளின் பிம்பத்திலேயே நிலைத்திருக்கும். சரியான தகட்டில் கோடுகள் சீராக ஓடும். சொட்டையில் அவை நெளியும், விரியும், நெருங்கும். ஒவ்வொரு நெளிவும், அந்த இடத்தில் தகடு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. தகட்டின் பின்னால் கம்பியின் நுனி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் நுனி தகட்டை லேசாகத் தொட்டதும் பிம்பத்தில் ஒரு சிறு புள்ளி அசையும். அந்தப் புள்ளியைப் பள்ளத்தின் மீது கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அழுத்தம் கொடுக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் விலகி அழுத்தினாலும் பள்ளத்துக்குப் பக்கத்தில் புதிய மேடு முளைக்கும். பல ஆண்டுப் பயிற்சி தேவைப்படுவது இந்தக் கண்ணுக்கும் கைக்கும் இடையிலான ஒத்திசைவுக்காகவே.

அழுத்தம் எப்படிக் கொடுக்கப்படுகிறது?

கதவின் பின்பக்கத்தை அடைய, கண்ணாடி இறங்கும் இடுக்கு, விளக்கைக் கழற்றினால் கிடைக்கும் திறப்பு, உள் அட்டையை எடுத்தால் தெரியும் துளை ஆகியவை வழியாகும். பல நீளங்களிலும் பல வளைவுகளிலும் உள்ள எஃகுக் கம்பிகள் அவ்வழியே நுழைக்கப்படுகின்றன. ஏதேனும் ஓர் உறுதியான இடத்தை ஊன்றாகக் கொண்டு, நெம்புகோலாகப் பயன்படுத்தி, சிறு சிறு அழுத்தங்கள் கொடுக்கப்படும். இடையிடையே, மழுங்கிய பிளாஸ்டிக் நுனி கொண்ட முளையை ஓரத்து மேட்டின்மீது வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி, மேட்டைத் தணிப்பார்கள். மேடு தணிந்தால் பிடி தளர்கிறது; பிடி தளர்ந்தால் பள்ளம் எளிதாக எழுகிறது. தள்ளுதலும் தட்டுதலும் மாறி மாறி நடப்பதன் பொருள் இதுதான்.

பின்பக்கம் போக வழியே இல்லாத இடங்களில் பசை உதவுகிறது. சூட்டில் உருகும் பசையால் ஒரு சிறு பிளாஸ்டிக் குமிழைச் சொட்டையின் நடுவில் ஒட்டி, அது இறுகியதும் இழுவைக் கருவியால் இழுப்பார்கள். தகடு சற்றே மேலெழும்பும்; எழும்பிய பகுதியைத் தட்டிச் சமன் செய்வார்கள். பசையை ஆல்கஹால் தெளித்து நீக்கிவிடலாம். இந்த இழுப்பு முழுவதையும் பெயிண்டின் ஒட்டுறுதியே தாங்குகிறது என்பதால், தொழிற்சாலைப் பெயிண்டில் இது பெரும்பாலும் பாதுகாப்பானது; மறுபெயிண்ட் அடித்த தகட்டில் பெயிண்ட் குமிழோடு சேர்ந்து உரிந்து வரும் அபாயம் உண்டு.

எந்த இடத்தில் இந்த முறை தோற்கும்?

பெயிண்ட் உடைந்திருந்தால் "பெயிண்ட் அடிக்காமல்" என்ற பேச்சுக்கே இடமில்லை. விரிசலின் வழியே ஈரம் புகுந்து துரு தொடங்கும். அதை மூடியே ஆக வேண்டும். அப்போதும் தகட்டை இந்த முறையில் முடிந்தவரை சமன் செய்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால், பட்டி மிகக் குறைவாகவே தேவைப்படும். இதைப் பலரும் யோசிப்பதில்லை என்பது என் வருத்தம்.

தகட்டின் ஓரத்தில், அதாவது வெளித்தகட்டை உள்தகட்டின்மீது மடித்துப் பொருத்திய இடத்தில், இரட்டைத் தகடு இருப்பதால் கம்பியும் நுழையாது, உலோகமும் எளிதில் அசையாது. ஏற்கெனவே பட்டி வைத்த இடத்தில் தள்ளினால் பட்டி உடைந்து பெயர்ந்துவிடும். கதவின் நீளத்தில் ஓடும் மடிப்புக் கோட்டின்மீது விழுந்த சொட்டை செய்யக்கூடியதே, ஆனால் அந்தக் கோட்டின் கூர்மையையும் திரும்பக் கொண்டுவர வேண்டியிருப்பதால் கடினமானது.

உலோகம் மிகவும் இழுபட்டிருந்தால் வேறொரு சிக்கல் வரும். நீண்டுபோன உலோகம், பழைய பரப்புக்குள் அடங்க இடமில்லாமல் தவிக்கும். அப்படிப்பட்ட தகட்டை உள்ளங்கையால் அழுத்தினால் "டப்" என்று உள்ளே போகும், விட்டால் "டப்" என்று வெளியே வரும். அளவுக்கு மீறித் தள்ளியும் இந்த நிலையை உண்டாக்கிவிடலாம்.

அலுமினியத் தகடுகள் தனி வகை. அலுமினியத்தின் மீள் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதாவது, அதே அளவு தகைவில் அது மூன்று மடங்கு வளைந்து, விசையை விட்டதும் மூன்று மடங்கு திரும்பிப் போகும். எவ்வளவு தள்ளினால் எவ்வளவு நிற்கும் என்ற கைக்கணக்கு எஃகில் பழகியவருக்கு இங்கே பிசகும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பதால், தகடு எந்த உலோகம் என்று அறிவது எளிது.

சூடும் குளிரும் சொட்டையை எடுக்குமா?

எஃகு ஒவ்வொரு டிகிரி வெப்ப உயர்வுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரிகிறது. பத்து சென்டிமீட்டர் அகலத் தகட்டை 60 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் அது 0.07 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்ததும் அதே அளவு சுருங்கிவிடும். நிலையாக மாறிவிட்ட நடுப்புள்ளியையும் ஓரத்து மேட்டையும் இந்தச் சிறு அசைவு ஒன்றும் செய்வதில்லை. அப்படியானால், சிலருக்குச் சொட்டை திடீரென்று வெளியே வந்ததாகச் சொல்லப்படுவது பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கூர்மையே இல்லாமல், தகடு வெறுமனே மறுபக்கம் புரண்டு நிற்கும் அகன்ற சொட்டைகள் உண்டு. அவற்றைப் பிடித்திருக்கும் தகைவு மிகக் குறைவு. சிறு தூண்டுதலே அவற்றைத் திரும்பப் புரட்டப் போதும். உறிஞ்சு கிண்ணம் வேலை செய்வதும் அத்தகைய சொட்டைகளில்தான். மற்றவற்றில் கிண்ணம் நடுவைச் சற்று உயர்த்திவிட்டு, ஓரத்து மேட்டை அப்படியே விட்டுவிடும். மாறாக, பெயிண்டைத் திடீரென்று உறைகுளிருக்குக் கொண்டுபோவது அதை முறியும் நிலைக்குத் தள்ளுவதாகும்.

வெந்நீர் ஊற்றும் முறை பிளாஸ்டிக் பம்பருக்கு உரியது. பெரும்பாலான பம்பர்கள் சூட்டில் இளகும் பிளாஸ்டிக்கால் ஆனவை; இளகிய நிலையில் பின்னாலிருந்து தள்ளினால் வடிவத்துக்கு வந்துவிடும். பம்பரில் கண்ட வெற்றியை எஃகுக் கதவுக்கு நீட்டியதிலிருந்தே பாதிக் குழப்பம் பிறந்தது போலும்.

வேலைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

காரைக் கழுவித் துடைத்துவிட்டு, சொட்டையை ஒரு நீண்ட குழல் விளக்கின் பிம்பத்தில் பாருங்கள். பிம்பம் மென்மையாக வளைந்தால் நல்ல அறிகுறி. ஒரே இடத்தில் முறிந்ததுபோல் திரும்பினால் அங்கே கூர்மை இருக்கிறது. ஓரத்து மேட்டில் நகத்தை மெதுவாக ஓட்டி, விரிசல் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். அந்தத் தகட்டுக்கு முன்பே மறுபெயிண்ட் அடிக்கப்பட்டிருப்பது தெரிந்தால், வேலை செய்பவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவது உங்கள் கடமை. பசை இழுப்பைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

வேலை முடிந்தபின் ஒரே கோணத்தில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. நின்றும் குனிந்தும், இரண்டு பக்கமிருந்தும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் லேசாக அழுத்தி, "டப்" என்ற அசைவு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வழி கிடைக்காத இடத்தில் உள்சட்டத்தில் புதிதாகத் துளை போடுபவர்களும் இருக்கிறார்கள். கழற்றக்கூடிய பாகத்தைக் கழற்றிச் செய்ய முடியும்போது துளை போடுவதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் அறுபட்ட ஒவ்வொரு விளிம்பும் துருவுக்குத் திறந்த வாசல். துளை போடாவிட்டாலும், கம்பி உரசியதால் தகட்டின் பின்பக்கப் பூச்சு கீறப்பட்டிருக்கலாம். உள் அட்டையை மாட்டுவதற்கு முன், அந்த இடத்தில் துருத்தடுப்பு மெழுகு தெளிக்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.